ஒற்றை ஆள் போதாது!

சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் பாம்பு பிடிபட்டது என்றால் இப்போது யாரும் ஆச்சரியப்படுவது இல்லை. 2023 ஜனவரியில் பாங்காக்கில் இருந்து வந்து, கேட்பார் இல்லாமல் கிடந்த 2 பெட்டிகளில் 45 பந்து மலைப்பாம்புகள் இருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் இருந்து வந்த ஒரு பெண் பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள்!

இத்தனையும் எதற்கு? வீட்டில் வளர்க்கும் ஆசைக்காரர்களுக்கு விற்கத்தான். நாய், பூனை, கிளி எல்லாம் பழசாகிவிட்டது. பாம்பைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு படம் எடுத்தால் பார்ப்பவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அதில் சிலருக்குத் தனிப் பெருமை.

பந்து மலைப்பாம்பு பெரும்பாலும் 5 அடிக்கு மேல் வளராது. ஆளைக் கொல்லும் ஜாதி அல்ல அது. ஆனால் ஆசை 5 அடியோடு நிற்குமா? அடுத்தது பெரிய பாம்பு. பர்மா மலைப்பாம்புக் குட்டி சுமார் 2 அடிதான் இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் 10 அடியைத் தாண்டிவிடும். உடம்பில் வலை பின்னியது போல கோலம் போட்ட தென்கிழக்கு ஆசிய மலைப்பாம்பு 20 அடிக்கு மேலும் போகும். வாங்கும்போது கைக்கு அடக்கம். வளர்ந்த பிறகு வீட்டுக்கே அடங்காது.

பரிதாபம்

அந்த ஆசை முற்றிய நாடுகளில் என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும்.

1996-ல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 19 வயது வாலிபர் ஒருவர், தான் வளர்த்த 13 அடி பர்மா மலைப்பாம்பின் பிடியில் சிக்கி இறந்தார். பக்கத்தில் ஒரு பெட்டியில் உயிரோடு கோழி இருந்தது. பாம்புக்கு இரை போடப் போன நேரம் அது. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. வாலிபர்தான் பலியானார்.

2017-ல் இங்கிலாந்தில் 31 வயதுக்காரர் தன் அறையில் இறந்து கிடந்தார். அவர் வளர்த்த 8 அடி ஆப்பிரிக்க மலைப்பாம்பு கூண்டுக்கு வெளியே இருந்தது. அதுதான் காரணம் என்று அடுத்த ஆண்டு மரண விசாரணையில் முடிவானது.

2022-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு வாலிபரின் கழுத்தை அவருடைய 15 அடி பாம்பு சுற்றிக்கொண்டது. போலீசார் வந்து பாம்பைச் சுட்டு அவரை மீட்டார்கள். 4 நாள் கழித்து ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

இவர்கள் யாரும் பாம்பைச் சீண்டி வம்புக்கு இழுத்த ஆசாமிகள் அல்ல. ஆசையாக வளர்த்தவர்கள்.

பாசமா? பசியா?

"நம்ம பாம்பு ஒண்ணும் செய்யாது. குட்டியில இருந்து என் கையில வளர்ந்தது" என்பதுதான் வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பேச்சு. இந்தப் பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது. பாம்பு ஆளுக்குப் பழகும், உண்மைதான். ஆனால் நாய் மாதிரி எஜமான் என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது வாசனையும் சூடும். மலைப்பாம்பின் உதட்டு ஓரம் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. எதிரே இருப்பதன் உடல் சூட்டை அவை காட்டிக் கொடுத்துவிடும்.

எலியையோ கோழியையோ தொட்ட கையோடு கூண்டைத் திறந்தால் என்ன ஆகும்? இரை வாசனை வருகிறது. சூடான ஒன்று நீண்டு வருகிறது. பாம்பு பாய்ந்துவிடும். அதில் கோபமும் இல்லை, துரோகமும் இல்லை. சாப்பாடு என்று நினைத்த தப்புதான்.

அந்தத் தப்பைத் திருத்த நேரம் இருக்காது. மலைப்பாம்பு வகை மூச்சை அடைத்துத்தான் கொல்கிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். 2015-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், போவா பாம்பு எலியை நெரிக்கும்போது அளந்து பார்த்தார்கள். 6 விநாடிக்குள் எலியின் ரத்த அழுத்தம் பாதியாகக் குறைந்தது. மூச்சு நிற்பதற்கு முன்பே ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. எலி வேறு, மனிதன் வேறுதான். ஆனாலும் கழுத்தைச் சுற்றிய பாம்பு, கூப்பிட்ட ஆள் மாடிப்படி ஏறி வரும்வரை காத்திருக்காது.

இரண்டு கை போதாது

ஏன் இன்னொரு ஆள் வேண்டும்? பாம்பு கடித்துப் பிடித்தால் சும்மா இழுத்து எடுக்க முடியாது. அதன் பற்கள் உள்பக்கமாக வளைந்தவை. இழுத்தால் இன்னும் ஆழமாக ஏறும். ஒருவர் தலையைப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் வால் முனையில் இருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்கவேண்டும். சுற்றின் நடுவில் கை வைத்து இழுத்தால் பிடி இறுகும். மாட்டிக்கொண்டவருக்கு ஒரு கை கூட சும்மா இருக்காது. அவர் எப்படித் தானே பிரிப்பார்?

பெரிய பாம்போடு பழகியவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 5 அடி நீளத்துக்கு ஒரு ஆள். 10 அடி என்றால் 2 பேர், 15 அடி என்றால் 3 பேர். 8 அடியைத் தாண்டினாலே பக்கத்தில் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் இல்லாமல் கூண்டைத் திறக்கக்கூடாது. இரை போடும் நேரத்துக்கு இந்த விதியில் சலுகையே கிடையாது.

மற்றவையும் சுலபமானவைதான். கூண்டுக்குப் பூட்டு வேண்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். முதலில் நீளக் கொக்கியால் மெதுவாகத் தொட்டு, இது சாப்பாட்டு நேரம் இல்லை என்று பழக்கவேண்டும். இரையை நீண்ட இடுக்கியால்தான் கொடுக்கவேண்டும். இரை தின்ற 2 நாளைக்குத் தூக்கக்கூடாது. தோல் உரிக்கும்போது கண் மங்கிக் கிடக்கும், அப்போதும் தொடக்கூடாது. எந்த நாளும் கழுத்தில் போடக்கூடாது. குழந்தைகள் அந்த அறைப் பக்கமே போகக்கூடாது.

ஜோடியாகப் போனவர்கள்

இதை பயந்தாங்கொள்ளிப் பேச்சு என்று நினைப்பவர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் நினைத்துப் பார்க்கட்டும். பாம்பு பிடிப்பதே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட இருளர்கள்.

அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்புக்காக வாங்கிய பர்மா மலைப்பாம்புகள் தப்பியும், சிலர் கொண்டுபோய் விட்டும், காட்டில் பெருகிவிட்டன. அவற்றைப் பிடிக்க 2017-ல் இவர்கள் இருவரையும் அங்கே அழைத்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள் சிக்கின. அதில் ஒன்று 16 அடி! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பாம்பின் தடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லும் இந்தக் கில்லாடிகளே ஜோடியாகத்தான் போனார்கள். கூட பல்கலைக்கழகத்து ஆட்களும் இருந்தார்கள். பூட்டிய அறைக்குள் தனியாக 12 அடிப் பாம்பைத் தூக்கும் சூரப்புலிகள் இவர்களைவிடவா கெட்டிக்காரர்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. மாட்டினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில். கடைக்குப் பின்னாலோ கொல்லையிலோ மலைப்பாம்பு தென்பட்டால் கோணிப்பையோடு பாயவேண்டாம். வனத்துறைக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பதே புத்திசாலித்தனம்.

சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பாம்புகளை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்யவேண்டும். பதிவு அவசியம்தான். ஆனால் பதிவுக் காகிதம் கழுத்தில் இருந்து சுற்றைப் பிரிக்காது. பெரிய பாம்பைப் பதிவு செய்ய வருபவரிடம் "எத்தனை அடி? கூடத் தூக்க ஆள் உண்டா?" என்று அதிகாரிகள் கேட்கட்டும். பதில் இல்லை என்றால் அனுமதியும் இல்லை என்று சொல்லட்டும்.

குட்டியை விற்பவரும் அது எத்தனை அடி வளரும் என்பதை மறைக்கக்கூடாது. வீட்டில் உள்ளவர்களும் "அவன் பாம்பு, அவன் பாடு" என்று இருந்துவிடக்கூடாது. கூண்டுச் சாவியை அவர்களில் ஒருவர் வைத்துக்கொண்டால் பாதி ஆபத்து தீர்ந்தது.

கூட நிற்க ஆள் உண்டா? அப்புறம் கூண்டைத் திறக்கலாம். ஆள் இல்லையா? பெரிய பாம்பு அந்த வீட்டுக்கு வேண்டாம்.