தேமல்தானே என்று விட்டு விடாதீர்கள்!

சீர்காழி,

தொழுநோய் ஒழிந்து விட்டது என்று பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அது தவறு.

1981-ம் ஆண்டு இந்தியாவில் 10 ஆயிரம் பேரில் சுமார் 57 பேருக்கு இந்த நோய் இருந்தது. அதிகம் பாதிக்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 1983-ல் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. நோய் மளமளவென்று குறைந்தது. 2005-ம் ஆண்டு டிசம்பரில் 10 ஆயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியது.

பெரிய சாதனைதான். ஆனால் "குறைந்தது" என்பதை "ஒழிந்தது" என்று எல்லோரும் எடுத்துக் கொண்டார்கள். வந்தது ஆபத்து!

2023-ல் உலகம் முழுவதும் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு புதிதாக இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள்!

சுட்டாலும் தெரியாது

ஆரம்பத்தில் ஒரு வெளிறிய அல்லது சிவந்த படை. அரிக்காது, வலிக்காது. "சும்மா தேமல்தான்" என்று விட்டு விடுகிறார்கள்.

தொட்டால் உணர்ச்சி இல்லையா? அது தேமல் அல்ல. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

விட்டால் நரம்பு கெடும். கருக்கரிவாள் விரலைக் கிழித்தாலும் தெரியாது. சோற்றுப்பானை சுட்டாலும் தெரியாது. புண் மேல் புண் வந்து விரல் போகும். நாற்று நடும் கை போனால் குடும்பம் என்ன ஆவது?

விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, மரத்துப் போய் காயம் படுவதால்தான் போகின்றன என்று எடுத்துக் காட்டியவர் வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட். மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியும் காட்டினார்.

பாவம் அல்ல, கிருமி

அப்புறம் ஏன் மறைக்கிறார்கள்? "நாலு பேருக்குத் தெரிஞ்சா பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?" என்ற பயம்தான்!

1954-ல் வந்த "ரத்தக்கண்ணீர்" படத்தில் எம்.ஆர்.ராதா நடித்த நடிப்பை யாரும் மறக்க முடியாது. ஆனால் ஆட்டம் போட்டவனுக்கு வரும் நோய் இது என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக் கொண்டது. இது பாவத்தின் சம்பளம் அல்ல. வெறும் கிருமி. 1873-லேயே நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்து விட்டார்.

கை குலுக்கினால் ஒட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. சிகிச்சை பெறாத நோயாளியுடன் நீண்ட நாள் நெருங்கிப் பழகினால்தான் பரவும். அப்போதும் பெரும்பாலானவர்களுக்கு வராது.

1898-ம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-ல் ரத்தானது. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கும் வழியும் 2019-ல் அடைக்கப்பட்டது. சட்டம் மாறி விட்டது. ஜனங்கள் மனசு மாறவில்லையே!

சீர்காழிக்குப் பக்கத்திலேயே வைத்தீஸ்வரன் கோவில். செவ்வாய்க்கு வந்த தொழுநோயை அங்கே இறைவன் நீக்கினார் என்பது தல வரலாறு. அந்தச் சாமியைக் கும்பிட்டு வருகிறவர்களே, கோவில் வாசலில் விரல் இழந்தவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்ளலாமா?

என்ன செய்ய வேண்டும்?

மாத்திரை இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். மாத்திரை தொடங்கியதும் பரவுவது சீக்கிரமே நின்று விடும். வீட்டில் உள்ளவர்களுக்கும் தடுப்பாக ஒரு வேளை மருந்து உண்டு.

2027-க்குள் நோய் பரவுவதையே நிறுத்துவோம் என்கிறது மத்திய அரசு. ஜனவரி 30-ந் தேதி உறுதிமொழி எடுத்தால் மட்டும் போதாது. குடியானத் தெருவுக்கும் காலனிக்கும் ஊழியர்கள் போக வேண்டும். நடுத்தெருவில் நிற்க வைத்துப் பார்க்கக் கூடாது, மறைவாகப் பார்க்க வேண்டும். பெண்களைப் பெண் ஊழியர்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த அம்மாவும் முதுகைக் காட்ட மாட்டார்.

முதுகில் இருப்பது நமக்கே தெரியாது. நாளைக் காலை நல்ல வெளிச்சத்தில் வீட்டில் ஒருவர் முதுகை ஒருவர் பாருங்கள். உணர்ச்சி இல்லாத படை இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாத்திரை தின்றால் தீரும் நோய்க்கு கையைப் பறிகொடுக்கலாமா?