கடலோரப் பழைய வீடு: குழாயை மாற்றும் முன் கிணற்றைப் பாருங்கள்!

நாகப்பட்டினம், நாகூர், தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கம் தாத்தா காலத்து ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது: "போன வருஷம்தான் குழாய் மாத்தினோம், மறுபடியும் ஒழுகுது!" பிளம்பரைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். தஞ்சாவூர் வீட்டில் பல வருடம் தாங்குகிற அதே ஜி.ஐ. பைப், கடலோரத்தில் சீக்கிரமே துருப்பிடித்துவிடுகிறது. தண்ணீரிலும் காற்றிலும் உள்ள உப்புதான் காரணம்.

ஜி.ஐ. பைப் என்பது துத்தநாகப் பூச்சு கொடுத்த இரும்புக் குழாய். உப்பு முதலில் அந்தப் பூச்சை அரிக்கும், பிறகு இரும்பைப் பிடிக்கும். உள்ளே துரு ஏற ஏற, குழாயின் துவாரம் சுருங்கிக்கொண்டே வரும். மாடி டேங்க் நிறைந்திருந்தும் குழாயில் நூல் போலத் தண்ணீர் வருகிறதா? காலையில் திறந்தவுடன் செம்பழுப்பாகக் கொட்டுகிறதா? இரண்டும் உள்துருவின் அடையாளங்கள். பித்தளைக் குழாயின் மஞ்சள் நிறம் போய், செம்பு நிறம் தெரிந்தால் அதன் துத்தநாகம் கரைந்துவிட்டது என்று பொருள். ஸ்பேனர் போட்டால் கையோடு உடைந்து வரும்.

உப்பு எங்கிருந்து வருகிறது?

கடலோரத்தில் நிலத்தடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் நிபுணர்களின் பழைய கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். மேலே ஓரடி குறைந்து அப்படியே நின்றுவிட்டால், கீழே உப்பு 40 அடி வரை மேலேறி வரலாம்.

அதனால்தான் 'தண்ணீர் வேகமாக வரவில்லை' என்று பெரிய மோட்டார் போடுவது கடலோரத்தில் வினையாகிவிடுகிறது. சின்ன மோட்டாரைக் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். கிணறு ஊறுவதற்கு அவகாசம் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழைதான் இந்தக் கிணறுகளுக்கு உயிர். ஓட்டுக்கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழும்போது அண்டா வைத்துப் பிடித்தது நம் வீடுகளின் பழைய வழக்கம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. கூரைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றருகே மண்ணுக்குள் இறக்குங்கள். அது உங்கள் குழாய்க்கும் சேர்த்துச் செய்யும் பராமரிப்பு.

அளந்து பாருங்கள்

சிறிய டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடல் நீரில் இது சுமார் 35,000. கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து தை மாதத்தில் ஒரு தடவை அளந்து குறித்து வையுங்கள். வருடா வருடம் கோடை எண் ஏறினால் கிணறு உப்பாகிறது என்று அர்த்தம். ஆனால் மீட்டர் கிருமியைக் காட்டாது. அதற்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்க வேண்டும்.

இரண்டு தண்ணீர், இரண்டு லைன்

கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒரே பைப்பில் சேரக் கூடாது. நடுவில் ஒரு வால்வு வைத்து இணைத்துவிடுகிறார்கள். வால்வு தேய்ந்தால் கிணற்றுத் தண்ணீர் குடிநீர் லைனுக்குள் போய்விடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். குடிநீர் குறிப்பிட்ட நேரம்தான் வருகிறது. நின்ற பிறகு காலியாகும் பைப், ஓட்டை வழியாக வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். பழைய வீடுகளில் குடிநீர்க் குழாய் ஜலதாரையை ஒட்டியோ சாக்கடைக்குள்ளேயோ போவது சகஜம். அங்கே ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு.

சுவரை உடைக்காதீர்கள்

பழைய சுண்ணாம்புச் சுவருக்குள் புதைந்த பைப்பைத் தோண்டி எடுக்க வேண்டாம். இரண்டு முனையிலும் அடைத்து அப்படியே விட்டுவிட்டு, புது சி.பி.வி.சி. அல்லது யு.பி.வி.சி. லைனைச் சுவரின் மேலேயே கொண்டு போங்கள். ஒழுகினால் உடனே தெரியும். வெயில் படும் இடத்தில் பெயின்ட் அடியுங்கள். இரும்பு கிளாம்ப் வேண்டாம், பிளாஸ்டிக் போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டுமென்றால் 316 என்று கேட்டு வாங்குங்கள். 304 உப்புக் காற்றில் கறைபிடிக்கும்.

உடைத்த இடத்தில் சிமென்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல், பக்கத்துப் பூச்சையும் உப்பு உதிர்த்துவிடும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் ஒத்துப்போகும்.

எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் ஒயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பைப் போட்டால் வீட்டுக்கு எர்த்தே இருக்காது. கீசரிலோ மோட்டாரிலோ கசிவு வந்தால் உயிருக்கே ஆபத்து. பைப் மாற்றும் வேலை தொடங்கும் முன் தனியாக எர்த் போட்டு, ஆர்.சி.சி.பி.யும் மாட்டிவிடுங்கள்.

பூட்டிப் போகிறவர்களுக்கு

பிள்ளைகள் சென்னையில், துபாயில். வீடு பல மாதம் பூட்டிக் கிடக்கும். கிளம்பும்போது டேங்கை வடித்து, கொசு புகாதபடி இறுக மூடி, மெயின் வால்வை அடையுங்கள். பித்தளை கேட் வால்வு உப்பில் இறுகிவிடும். பிளாஸ்டிக் பால் வால்வு பரவாயில்லை. திரும்பி வந்ததும் எல்லாக் குழாயையும் சில நிமிடம் திறந்துவிட்டு, டேங்கைக் கழுவிய பிறகே சமையலுக்குப் பிடியுங்கள்.

எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் செய்யப் பணம் போதாது என்றால் இந்த வரிசையில் போங்கள்: முதலில் எர்த். அடுத்து, சாக்கடையை ஒட்டிப் போகும் குடிநீர்க் குழாய். மூன்றாவது, இரண்டு லைனையும் பிரிப்பது. நான்காவது, மழைத் தண்ணீரைக் கிணற்றருகே இறக்குவது. பாத்ரூமின் பளபள ஷவர் கடைசியில் வரட்டும்.