நிறம் மட்டும் போதுமா?

1955இல் அமெரிக்காவின் டொட்ஜ் நிறுவனம் பெண்களுக்கென்றே ‘லா ஃபாம்’ என்ற காரை விற்பனைக்கு விட்டது. இளஞ்சிவப்பும் வெள்ளையுமான நிறம். உள்ளே கைப்பை, லிப்ஸ்டிக், குடை. மற்றப்படி அது டொட்ஜின் வழமையான கார்தான். வாங்குவோர் குறைவு, 1956உடன் கைவிட்டார்கள்.

1964இல் போர்ட் ‘மஸ்டாங்’ வந்தது. அழகு, வேகம், கைக்கெட்டிய விலை. ஆணுக்கா பெண்ணுக்கா என்று பிரிக்கவில்லை. அமெரிக்காவில் அதை முதலில் வாங்கியவர் 22 வயது இளம் ஆசிரியை. இரண்டாண்டுக்குள் பத்து இலட்சம் மஸ்டாங் உற்பத்தியாயின.

பெண்கள் கேட்டது நல்ல வாகனம், நிறமல்ல. மகளுக்கு ஸ்கூட்டி வாங்கப்போகும் பெற்றோரே, நிறத்தைப் பிறகு பாருங்கள். பிரேக்கை முதலில் பாருங்கள். முறையான பயிற்சி, சாரதி அனுமதிப்பத்திரம், தலைக்கவசம்: கல்முனை–அக்கரைப்பற்று வீதியில் அவளுக்குத் துணை இவைதாம்.