வழிகாட்டியின் குரல் கேட்காத பயணம்

அண்மையில் நம் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். வளைகுடா நாடொன்றில் நல்ல பணியில் இருப்பவர். விடுமுறைக்கு ஊர் வருமுன் குடும்பத்துடன் நான்கு நாட்கள் துருக்கியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்லி, கைப்பேசியில் எடுத்த காட்சிகளைப் பெருமையுடன் நமக்குக் காட்டினார். இடம் கப்பதோக்கியா. அந்தி வேளை, செம்மண் புழுதி, நான்கு சக்கரங்களும் தனித்தனியே உருண்டு திரண்ட சிறு மோட்டார் வண்டிகள் பதினைந்து இருபது ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளத்தாக்கில் பாய்ந்து செல்கின்றன. அவற்றைக் குவாட் பைக் என்கிறார்கள். காட்சியின் ஓரத்தில், கூம்புபோல் நின்ற ஒரு பாறையில் குடைந்த வாயில் ஒன்று நொடிப்பொழுது தோன்றி மறைந்தது. "தம்பி, அது என்ன?" என்று கேட்டோம்.

"குகை ஐயா. உள்ளே ஏதோ ஓவியம் இருந்தது. பத்து நிமிடம் நிறுத்தினார்கள். படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்."

"வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லையா?"

"அவர் முன்னால் வண்டியில் போனார் ஐயா. இரைச்சலில் எங்கே கேட்பது?"

நம் துறையில் பயண இலக்கியத்தைப் பாடமாகப் படித்துச் சென்றவர் அவர். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் அந்த மறுமொழி நம்மை விட்டு அகலவில்லை. 'வழிகாட்டியுடன் கூடிய மரபுச் சின்னச் சுற்றுலா' என்றுதானே விளம்பரம் செய்து பணம் பெறுகிறார்கள்? வழிகாட்டியின் குரலே கேட்காத ஒன்றுக்கு அப்பெயர் எவ்வாறு பொருந்தும்?

அவர் கடந்துபோன நிலம் எத்தகையது என்பதை முதலில் கூறிவிடுவோம். துருக்கியின் நடுப்பகுதியில், நெவ்ஷெஹிர் மாகாணத்தைச் சூழ்ந்து கிடக்கிறது கப்பதோக்கியா. கிழக்கே எர்ஜியஸ், தென்மேற்கே ஹசன் மலை. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்நிலப்பகுதியின் எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து, இறுகி, மென்மையான கல்லாயிற்று. மழையும் பனியும் காற்றும் அக்கல்லை அரித்தன. மேலே கடினமான பாறைத் தொப்பி அமைந்த இடங்களில் மட்டும் கீழிருந்த மென்கல் தப்பி நின்றது. அப்படித் தொப்பி அணிந்து நிற்கும் கூம்புகளைத்தான் துருக்கியர் 'பெரி பஜாசி' என்கின்றனர். தேவதைகளின் புகைபோக்கி என்பது பொருள். இக்கல்லுக்கு ஓர் இயல்புண்டு. புதிதாக வெட்டும்போது கைக்கருவிக்கு இணங்கும். காற்றுப்பட்ட பின் அதன் மேற்பரப்பு இறுகிக்கொள்ளும். வீடு, தொழுவம், தேவாலயம், நிலத்தடி ஊர் என எல்லாவற்றையும் மக்கள் அதில் குடைந்துகொள்ள முடிந்தது அதனால்தான். தெரின்குயு என்னும் நிலத்தடி நகரம் ஏறத்தாழ 85 மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது.

கோரெமே என்னும் ஊரையும் அதனைச் சூழ்ந்த பாறைத் தலங்களையும் 1985-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இயற்கையின் சிறப்புக்காகவும் மனிதன் படைத்ததன் சிறப்புக்காகவும் ஒருங்கே அப்பட்டியலில் இடம்பெற்ற தலங்கள் உலகில் மிகச் சிலவே. கோரெமேயின் 'இருட்டுத் தேவாலயம்' என்னும் குகையில் சுவரோவியங்களின் வண்ணம் இன்றும் மங்காதிருக்கக் காரணம், அதனுள் ஒரு சிறு சாளரத்தின் வழியே மட்டும் ஒளி புகுந்ததுதான். அது காவலும் நுழைவுச் சீட்டும் உள்ள அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. ஆனால் எல்லாக் குகைகளும் அந்த வேலிக்குள் இல்லை. ரோஜாப் பள்ளத்தாக்கு எனப்படும் குல்லுதெரேயிலும், அதையடுத்த செம்பள்ளத்தாக்கான கிசில்சுகூரிலும், கூரையில் பெருஞ்சிலுவை செதுக்கப்பட்ட ஆலயமும் தூண்கள் நிறைந்த ஆலயமும் திறந்த வெளியில் நிற்கின்றன. வண்டிகள் ஓடும் பள்ளத்தாக்குகளும் இவைதாம்.

இங்கே புறாக்களைப் பற்றிச் சற்றே விரித்துச் சொல்லத் தோன்றுகிறது. அப்பள்ளத்தாக்குகளின் செங்குத்துப் பாறைகளில் சிறு சிறு துளைகள் வரிசையாகக் காணப்படும். சுற்றிலும் வெள்ளை பூசிக் கோலம் தீட்டியிருப்பார்கள். அவை புறாக்களுக்கென உழவர்கள் குடைந்த மாடங்கள். புறாவின் எச்சத்தைச் சேர்த்து அள்ளித் திராட்சைக் கொடிகளுக்கு எருவாக இட்டார்கள். எரிமலைச் சாம்பல் நிலம் அந்த எருவைப் பெற்றே காய்த்தது. அத்திராட்சையின் சாற்றை ஒருவகை வெண்மண் சேர்த்துப் புளிப்பு நீக்கிக் காய்ச்சிப் 'பெக்மெஸ்' என்னும் பாகு செய்வார்கள். நம் பதநீர்ப் பாகைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். கைவிடப்பட்ட சில ஆலயங்களின் வாயிலையும் உழவர்கள் கல் வைத்து அடைத்துப் புறா மாடமாக்கினார்கள். வெளிச்சமும் மனிதர் கையும் உள்ளே புகாமல் போனதால் அங்கிருந்த ஓவியங்கள் பிழைத்தன. முஸ்லிம் உழவர் தம் கொடிக்கு எரு தேடினார். அயலார் வழிபட்ட இடத்து ஓவியம் காக்கப்பட்டது. அவர் அதை நினைத்துச் செய்யவில்லை என்பது உண்மையே. ஆயினும் இத்தகைய செய்தி ஒன்றைக் கேட்டுவிட்டு ஒருவர் அந்தத் துளைகளை நிமிர்ந்து பார்ப்பதும், கேளாமல் பார்ப்பதும் ஒன்றாகுமா?

இன்னொன்றும் உண்டு, நம் துறைக்கு நெருக்கமானது. அந்நிலத்தில் வாழ்ந்த ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களில் பலருக்குத் தாய்மொழி துருக்கியே. அத்துருக்கி மொழியை அவர்கள் கிரேக்க எழுத்தில் எழுதினார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்த மரபில் வந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1923-இல் துருக்கியும் கிரேக்கமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, மதத்தை அளவுகோலாகக் கொண்டு மக்கள் மாற்றிக்கொள்ளப்பட்டனர். கப்பதோக்கியாவின் கிறித்தவர்கள் 1924-இல் தாம் அறியாத கிரேக்க நாட்டுக்குச் சென்றார்கள். கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்கள் தாம் அறியாத துருக்கிக்கு வந்து சேர்ந்தார்கள். போனவர்கள் விட்டுச் சென்ற ஆலயங்கள் இருப்பவர்களிடம் அமானிதமாயின. நம் மாணவர் பத்து நிமிடம் நின்ற குகையின் முன்னே இவ்வளவும் சொல்லியிருக்க முடியும். சொல்ல ஆளும் அங்கு உண்டு. துருக்கியில் சுற்றுலா வழிகாட்டித் தொழிலுக்கென்று 2012-இலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டு, உரிமம் பெற்றவரே அப்பணியைச் செய்யலாம் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. குவாட் பைக் வரிசையின் முன்னே செல்பவரோ பாதை காட்டுகிறார், அவ்வளவே. அவர் எத்துணை அறிந்தவராயினும் தலைக்கவசத்துக்குள்ளிருந்து என்ன சொல்லிவிட முடியும்?

வண்டியின் மீது நமக்குப் பகையில்லை. 1970-இல் ஜப்பானிய ஹோண்டா நிறுவனம் மூன்று சக்கரத்தில் இத்தகைய வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது கவிழ்ந்து பலர் காயமுற்றதால் 1988-இல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டியின் விற்பனை நிறுத்தப்பட்டது. நான்கு சக்கரம் நிலைத்தது. உழவுக்கும் மேய்ச்சலுக்கும் அது நல்ல துணை. ஆனால் நான்கு சக்கரம் இருப்பதனாலேயே அது கவிழாது என்று எண்ணுவது பிழை. திருப்பத்தில் ஓட்டுநர் தம் உடல் எடையைச் சாய்த்துக் கொடுக்க வேண்டும். விசையோ கட்டைவிரலால் அழுத்துவது. அச்சத்தில் கைப்பிடியை இறுகப் பற்றினால் விரல் தானே விசையை அழுத்திவிடும். கவிழும் வண்டி ஆளின் மேல் விழுந்து நசுக்குவதைத் தடுக்கும் காப்புச் சட்டம் இல்லாமல் புதிய வண்டியை விற்கக்கூடாது என்று ஆஸ்திரேலிய அரசு 2021 அக்டோபர் முதல் விதித்திருக்கிறது. அங்கே ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் பழகிய உழவர்கள். கப்பதோக்கியாவில் ஓட்டுபவரோ அன்று மாலைதான் முதன்முறையாக அதில் ஏறி அமர்கிறார். நம் மாணவர் தம் ஒன்பது வயது மகனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அதைச் சொன்னபோது மட்டும் நாம் சற்றுக் கடிந்தே பேசினோம்.

மனிதருக்கு நேரும் தீங்கு ஒருபுறம் இருக்க, நிலத்துக்கு நேர்வதை எண்ணிப் பார்க்க வேண்டும். காற்றுப்பட்டு இறுகிய மெல்லிய மேல்தோலே அம்மென்கல்லுக்குக் காப்பு. புடைத்த சக்கரம் பலமுறை உருளும்போது அது உடைந்து மாவாகிறது. அந்த மாவுதான் காட்சியில் நாம் கண்ட புழுதி. சக்கரத் தடம் பள்ளமாகிறது. வசந்தத்தில் பனி உருகி ஓடும் நீருக்கு அந்தப் பள்ளமே வாய்க்காலாகிறது. காட்டுப்புல் திரும்ப முளைக்கும். அரிக்கப்பட்ட கல் வளராது. தடம் குழியானதும் அடுத்த வண்டி அதன் ஓரமாகப் போகிறது. அதற்கடுத்தது இன்னும் ஓரமாக. இவ்வாறு ஒற்றையடிப் பாதை அகன்று கொடித்தோட்டத்தின் வரப்பைத் தொடுகிறது. கொடியில் படியும் புழுதிக்கு யார் ஈடு தருவார்கள்?

இதற்கு அங்குள்ளோர் சொல்லும் மறுமொழியையும் நாம் செவிமடுத்தாக வேண்டும். கொடித்தோட்டத்தை மட்டும் நம்பி இன்று பிழைக்க இயலாது. ஊர் இளைஞன் இஸ்தான்புலுக்குப் போகாமல் சொந்த ஊரில் தங்குவதே சுற்றுலாவினால்தான் என்பார்கள். 2020-இல் பெருந்தொற்று வந்து வெளிநாட்டார் வரவு நின்றபோது அந்த ஊர்கள் பட்ட பாட்டை எண்ணினால் இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தொலைவிலிருந்து கொண்டு பிறர் பிழைப்பில் மண் போடுவது நமக்கு அழகன்று. முதியோரும் கால் முடியாதோரும் பள்ளத்தாக்கைக் காண வேண்டாமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் புழுதியில் குலுங்கும் அந்த வண்டி முட்டிவலிக்காரருக்கு ஏற்றதன்று என்பதை அதில் ஒருமுறை ஏறியவர் அறிவார்.

ஆகவே வண்டியை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. பள்ளத்தாக்குகளுக்கு வெளியே மேட்டுநிலத்தில் பழைய மாட்டுவண்டித் தடங்கள் இருக்கின்றன. விரைவை விரும்புவோர் அங்கே ஓட்டட்டும். வண்டி தரும் இளைஞரின் வருவாய் அதனால் கெடாது. பள்ளத்தாக்கின் வாயில் வந்ததும் விசையை அணைத்துவிட்டு இறங்க வேண்டும். உள்ளே கால்நடையே. ஓட்டிவந்தவரோடு உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் நடந்து செல்லட்டும். அதற்கு ஒரு கட்டணம் வைக்கட்டும். ஊரில் இன்னும் இரண்டு இளைஞருக்குப் பிழைப்பு கிடைக்கும். துருக்கி அரசு 2019-இல் கப்பதோக்கியாவுக்கெனத் தனிச்சட்டம் இயற்றி, அப்பகுதி முழுவதையும் ஒரே ஆட்சியமைப்பின் கீழ்க் கொண்டுவந்தது; அதே ஆண்டு அக்டோபரில் கோரெமேக்கு இருந்த தேசியப் பூங்கா என்னும் தகுதியை நீக்கியது. அது நன்றா தீதா என்று அந்நாட்டிலேயே கருத்து மாறுபாடு எழுந்தது. பூங்காவின் காப்பு போய்விட்ட இடத்தில், எந்தத் தடத்தில் எது ஓடலாம் என்பதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அந்த ஆட்சியமைப்பின் தலைமேல் முன்னிலும் கூடுதலாக அமர்ந்திருக்கிறது என்பதே நம் கருத்து.

நடந்து பார்க்க நேரம் ஏது என்பார்கள். 14-ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா இதே அனதோலிய நிலத்தின் அக்சராய், நிக்தே, கைசேரி ஊர்களின் வழியே பயணம் செய்தார். ஊர்தோறும் 'அகி' சகோதரர்களின் விடுதியில் தங்கினார். அக்சராயில் ஆட்டு உரோமத்தால் நெய்த விரிப்புகளின் சிறப்பைக் குறித்து வைத்தார். பின்னாளில் இதே மனிதர் நம் மஅபர் கரைக்கும் மதுரைக்கும் வந்து, கண்டதைச் சொல்லி எழுதுவித்தார். அக்காலத்து மதுரையைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் ஒரு பகுதி, அவர் நின்று கேட்டதனால் நமக்குக் கிடைத்தது. நம்மவர் நான்கு நாள் விடுமுறையில் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. உச்சிசாரிலிருந்து கோரெமே வரை புறாப் பள்ளத்தாக்கின் வழியே நடந்தால் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். ஒரு காலைப்பொழுது போதும்.

நம் மாணவரிடம் புறா மாடங்களின் கதையைச் சொன்னோம். கைப்பேசியை மறுபடி எடுத்து, அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். புழுதிக்குப் பின்னால், பாறையின் உச்சியில், வெள்ளை பூசிய ஐந்தாறு துளைகள் இருக்கத்தான் செய்தன. அடுத்த முறை தாயாரை அழைத்துச் செல்லப் போவதாகச் சொன்னார். தாயாருக்கு முட்டி வலி. உச்சிசார் ஓரத்தில் காரை நிறுத்தி, அங்கிருந்தே பள்ளத்தாக்கைக் காட்டிவிட்டு, அவரைத் தேநீர்க் கடையில் அமரவைத்து, மகனோடு கீழே இறங்கி நடக்கலாமா ஐயா என்று கேட்டார். பையனுக்கு நல்ல காலணி வாங்கிக் கொடுக்கும்படி சொல்லி அனுப்பினோம்.