அறிவுப் பகுதி: இரு பட்டியல்களில் ஒரே பெயர்



பொம்மசந்திராத் தொழிற்பேட்டையை நாடி வந்து குடியமர்ந்த நம்மவர் பலருக்குச் சொந்த ஊர் ஒன்று, வாழும் ஊர் ஒன்று. ஆயினும் வாக்காளர் பட்டியலில் இவ்விரட்டை உறவு ஆகாது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவு பெறலாகாது என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 17ஆம் பிரிவில் விதிக்கிறது. ஆகவே, இரு பட்டியல்களுக்கும் பொதுவான பெயர் உண்டா என்னும் வினா நமக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. கணிப்பொறி அதனை ஆராயும் முறையை இம்மாதம் காண்போம்.

பொருள்களின் தொகுதியைக் கணிதத்தார் 'கணம்' என்பர். பொது உறுப்பு ஒன்றேனும் இல்லாத இரு கணங்கள் 'வெட்டாக் கணங்கள்' எனப்படும். நெதர்லாந்து நாட்டினரான கைடோ வான் ராஸம் 1991இல் வெளியிட்ட பைத்தான் என்னும் நிரல்மொழியில் இதனைச் சோதிக்க 'இஸ்டிஸ்ஜாயின்ட்' என்னும் கட்டளை உண்டு. பொது உறுப்பு இல்லையெனில் 'மெய்' என்றும், இருப்பின் 'பொய்' என்றும் விடை வரும். புதிதாகப் பயில்வோர் இதனைத் தலைகீழாகக் கொள்ளுதல் கூடாது.

ஆயிரம் பெயர் கொண்ட இரு பட்டியல்களை ஒவ்வொன்றாக ஒப்பிடின் 10 லட்சம் ஒப்பீடுகள் வரை நேரும். கணமோ, ஒவ்வொரு பெயரின் எழுத்துகளிலிருந்தும் ஓர் எண்ணைக் கணித்து, அவ்வெண் சுட்டும் அறையில் பெயரை வைக்கிறது. அஞ்சலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாக அறைகளில் இடுவது போன்றது இது. கணங்களை அமைத்தபின், சிறிய கணத்தின் ஒவ்வொரு பெயருக்கும் பெரிய கணத்தில் உரிய அறையைப் பார்த்தாலே போதும். ஆயிரம் தேடல்களில் பணி முடியும். பொதுப்பெயர் ஒன்று அகப்பட்டவுடனே தேடலும் நின்றுவிடும். பொதுப்பெயர்கள் எவையென்றும் அறிய வேண்டின், 'இன்டர்செக்ஷன்' என்னும் கட்டளையை நாடவேண்டும்.

எனினும், பொறி எழுத்தை அறியுமேயன்றி ஆளை அறியாது. 'கோபால்' என்பதில் வரும் ஓகாரக் குறியைக் கணிப்பொறியில் ஒரே குறியாகவும் பதியலாம். ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்தும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கோ வெவ்வேறு. முதலெழுத்து முன்பின்னாக மாறினும், ஓர் இடைவெளி மிகினும் அவ்வாறே. மறுபுறம், ஒரே பெயருடைய இருவரை அது ஒருவராகவே கொள்ளும். ஆதலால், எழுத்துமுறையைச் சீர்செய்த பின்னரே ஒப்பிடல் வேண்டும். பெயரோடு பிறந்த நாளையும் தந்தை பெயரையும் சேர்த்து ஒப்பிடுதல் நன்று. முடிவை மனிதரே மீண்டும் சரிபார்த்தல் அதனினும் நன்று.

குடிபெயர்ந்தோர் தம் பதிவை மாற்றிக்கொள்ளப் படிவம் 8 இருக்கிறது. பொறி கண்டுபிடிக்கும்வரை காத்திராமல், நம் பெயர் ஓரிடத்தில் மட்டும் நிற்குமாறு நாமே செய்துகொள்வோமாக.