அயனிக் கணக்கும் எங்க காமர்ஸ் கணக்கும்

பி.காம் படிக்கிறவனுக்கு கெமிஸ்ட்ரியில என்ன வேலைன்னு கேக்குறீங்களா? நியாயமான கேள்விதான். பத்தாவது முடிச்சதும் கெமிஸ்ட்ரிக்குப் பயந்து காமர்ஸ் குரூப்புக்கு ஓடி வந்தவன் நான். ஆனா போன வாரம் பதினொன்னாவது படிக்கிற தங்கச்சி, டெஸ்ட் பேப்பரை வச்சுக்கிட்டு, "அண்ணா, நானும் உன்னை மாதிரியே குரூப் மாத்திக்கிறேன்"னு அழுதா. அதான் இந்தப் பதிவு.

கேள்வி இதுதான்: அசிட்டிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் வினைபுரியும்போது நிகர அயனிச் சமன்பாடு என்ன? அவ எழுதினது: ஹைட்ரஜன் அயனி + ஹைட்ராக்சைடு அயனி → தண்ணீர். அதுக்கு ஒரு சிவப்பு வட்டம், பக்கத்துல சைபர். ஏன் தப்புன்னு ஒரு வார்த்தை இல்ல.

அவ புத்தகத்தைப் புரட்டினேன். அட, இது நம்ம கணக்குதாங்க! ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் தண்ணியில முழுசா அயனிகளா பிரிஞ்சு இருக்கும். கலக்குறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சோடியமும் குளோரைடும் அப்படியேதான் இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே தொகைன்னா அடிச்சிட மாட்டோமா? மிச்சம்தான் அவ எழுதின சமன்பாடு. நைட்ரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் எடுத்தாலும் அதே மிச்சம். அதனாலதான் நீர்த்த கரைசல்ல ரெண்டு ஜோடியுமே, ஒரு மோல் தண்ணி உருவாக, கிட்டத்தட்ட 57 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடுது.

சிக்கல் இங்கதான். 'அமிலம், காரம்னாலே இதுதான் பதில்'னு பசங்க மனப்பாடம் பண்ணிடறாங்க. ஆனா அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்தது. 0.1 மோலார் கரைசல்ல நூத்துக்கு ஒன்னு போலத்தான் பிரிஞ்சிருக்கும். மிச்சமெல்லாம் முழு மூலக்கூறு. அதை ஹைட்ரஜன் அயனின்னு எழுதறது, கடனுக்கு வித்த சரக்கை ரொக்கம்னு எழுதற மாதிரி! ஹைட்ராக்சைடு வந்து கேக்கக் கேக்க வசூலாகும்தான், ஆனா கலக்குற நேரத்துல கையில இல்லையே. அதனால சரியான பதில்: அசிட்டிக் அமிலம் + ஹைட்ராக்சைடு அயனி → அசிட்டேட் அயனி + தண்ணீர். வேடிக்கை பார்த்தது சோடியம் மட்டும்தான்.

சல்ஃப்யூரிக் அமிலத்தோட பேரியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தா இன்னும் வேடிக்கை. பேரியம் சல்பேட் வெள்ளையா வீழ்படிவா இறங்கிடும். அடிக்கிறதுக்கு எதுவுமே மிஞ்சாது.

என் கருத்து இதுதான். சமன்பாட்டைச் சொல்லிக் கொடுக்கறதுக்கு முன்னாடி, பாத்திரத்துக்குள்ள என்ன இருக்குன்னு கேக்கப் பழக்கணும். கரையுமா? முழுசா பிரியுமா? ரெண்டு பக்கமும் மாறாம இருக்கறது எது? இந்த மூணு கேள்வி போதும். ஒரு டீச்சர் அத்தனை பேப்பரையும் விளக்கி எழுதித் திருத்த முடியாதுதான், ஒத்துக்கறேன். ஆனா "வலிமை குறைந்த அமிலம்"னு மூணே வார்த்தை அந்த சைபர் பக்கத்துல இருந்திருந்தா அவ அழுதிருக்க மாட்டா.

அப்புறம் அம்மோனியாவையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கொடுத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. அம்மோனியாவை உடைக்காம, குளோரைடை மட்டும் அடிச்சு, அம்மோனியம் அயனியில கொண்டு வந்து முடிச்சா. குரூப் மாத்தற பேச்சு இப்போதைக்கு இல்ல.

எனக்குத்தான் லேசா ஒரு வருத்தம். பத்தாவதுலயே யாராவது எனக்கு இப்படிச் சொல்லியிருந்தா நான் ஓடி வந்திருப்பேனா?