பனி இடிச்சா பொறுப்பில்லையாம்!

"பிளேடு பட்டுச்சா, பனி பட்டுச்சா?"

அமெரிக்காவில் பனி கொட்டுகிற கிராமங்களில் சாலையோரத் தபால் பெட்டி உடைந்துபோய், ஊர் அலுவலகத்துக்குப் போன் போட்டால் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் வரும். நான் குப்பை கொட்டும் விஸ்கான்சின் கிராமத்திலும் இதே கதைதான். பனி தள்ளும் வண்டியோ அதன் பிளேடோ நேராகப் பெட்டியில் இடித்திருந்தால் புதுசு வாங்கித் தருவாங்க. வண்டி வாரி வீசிய பனி இடித்துச் சாய்ந்திருந்தால்? சாரி சார், அது இயற்கை. உங்க செலவு!

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. இங்கே எய்தவரே வந்து, "நான் எங்கே குத்தினேன்? அம்புதானே குத்திச்சு"ங்கிறார்.

பனி தானாக விழுந்தால் பெட்டி மேல் வெள்ளைக் குல்லா போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒண்ணும் ஆகாது. அதே பனியை ஒரு கனரக லாரி மணிக்கு 25, 30 மைல் வேகத்தில் வழித்து, வலது பக்க இறக்கை பிளேடால் ஓரமாக வீசும்போதுதான் கட்டை முறிகிறது. ஈரப்பனி கன அடிக்கு 20 பவுண்டு வரை கனக்கும். அந்தப் பனிக்குக் காலும் இல்லை, கையும் இல்லை. வேகம் முழுக்க லாரி கொடுத்தது. அப்புறம் எங்கேயிருந்து வந்தது இயற்கை?

சரி, பெட்டியை ஏன் அங்கே கொண்டுபோய் நட்டாய், தள்ளி வைக்க வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. வைக்க விட மாட்டாங்க என்பதுதான் பதில்.

கிராமத்து வீடுகளுக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் 1896இல் மேற்கு வர்ஜீனியாவில் சோதனையாக ஆரம்பித்து 1902இல் நிரந்தரமானது. ஆரம்பத்தில் ஜனங்க கொழுப்பு வாளி, சிரப் டின், சோப்புப் பெட்டி என்று கிடைத்ததையெல்லாம் மாட்டி வைத்தாங்க. தபால் துறை கடுப்பாகி விதிகளைப் போட்டது. சினிமாவில் பார்க்கிற, மேல் பக்கம் வளைந்த அந்தத் தகரப் பெட்டி 1915இல் வந்தது. இன்றைய விதிப்படி பெட்டியின் அடிப்பாகம் சாலையிலிருந்து 41 முதல் 45 அங்குல உயரத்தில் இருக்கணும். கதவு சாலை விளிம்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் தள்ளி இருக்கணும். தபால்காரர் வண்டியை விட்டு இறங்காமலேயே கையை நீட்டிப் போடுவதற்காக.

ஆக, வீசும் பனி வந்து விழும் இடத்தில்தான் பெட்டியை வைக்கச் சொல்லி ஒரு அரசாங்கம் உத்தரவு போடுது. அதே இடத்தில் பனியை வீசிவிட்டு இன்னொரு அரசாங்கம் கையை விரிக்குது. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி!

பெட்டியாவது நம்முடையதா? காசு மட்டும்தான் நம்முடையது. தபால்தலை ஒட்டாமல் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நோட்டீஸை உள்ளே போட்டால்கூட சட்டப்படி தப்பு. 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லியாச்சு. பெட்டிக்கு முன்னால் குவிந்த பனியை அள்ளுவதும் நம்ம வேலை. அள்ளாவிட்டால் தபால் நிற்கும். அள்ளிய பனியைச் சாலையில் தள்ளினால் அதுவும் விஸ்கான்சினில் சட்டவிரோதம். நாம் சாலையில் போட்டால் குற்றம், அவங்க சாலையிலிருந்து நம்ம பெட்டி மேல் போட்டால் இயற்கை. நல்லா இருக்குல்ல?

ஒரு தகரப் பெட்டிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைக்காதீங்க. இங்கே தபாலில் வருவது விளம்பரக் குப்பை மட்டுமில்லை. முன்னாள் படைவீரர் நலத்துறை தன் வெளிநோயாளிகளுக்கான மருந்துகளில் சுமார் 80 சதவீதத்தைத் தபாலில்தான் அனுப்புது. தனியாக இருக்கும் ஒரு எழுபத்தைந்து வயதுப் பெரியவருக்கு ஜனவரியில் பெட்டி சாய்ந்தால் என்ன பண்ணுவார்? மண் கல்லு மாதிரி உறைந்து கிடக்கும், குழி தோண்ட முடியாது. வாளியில் மணலைக் கொட்டி, அதில் கட்டையைச் செருகி, ஏப்ரல் வரை ஓட்டணும். அதுக்கும் யாராவது ஆள் வந்து உதவணும்.

இந்தக் கடுப்பில்தான் சில புண்ணியவான்கள் கோட்டை கட்ட ஆரம்பிக்கிறாங்க. கனத்த இரும்புக் குழாய், கான்கிரீட், செங்கல் தூண். "இப்ப வந்து இடிடா பார்க்கலாம்!" இது வீரம் இல்லைங்க, கொலைபாதகம். ஓஹாயோவில் 2016 டிசம்பரில் ஒருத்தர் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் வழுக்கி, அப்படி ஆழமாக நட்ட 8 அங்குல இரும்புக் குழாய்ப் பெட்டியில் மோதினார். வண்டி உருண்டது. கை கால் நாலும் செயலிழந்தது. பெட்டிக்காரர் பொறுப்பில்லை என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பு சொன்னது. சட்டம் விட்டுவிட்டது, சரி. ராத்திரி தூக்கம் விடுமா?

இடித்தால் ஒடிகிற மாதிரிதான் கட்டை இருக்கணும். நாலுக்கு நாலு அங்குல மரக்கட்டை, அல்லது 2 அங்குலக் குழாய், 24 அங்குலத்துக்கு மேல் புதைக்கக் கூடாது என்பதுதான் தபால் துறையின் பரிந்துரை. அதாவது, யாரோ ஒருத்தர் உயிர் பிழைக்கணும்னுதான் நம்ம கட்டை ஒல்லியாக இருக்கு. அப்படி ஒழுங்காக நட்டவன் கட்டை ஒடிந்தால் "உன் கட்டை வீக்கு"ங்கிறதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியலை. விதியை மதித்தவனுக்குத் தண்டனை கொடுத்தால் அடுத்த வருஷம் அவனும் கான்கிரீட் கலக்கத்தானே போவான்?

வண்டி ஓட்டுபவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு, எதிரே வெள்ளையைத் தவிர ஒண்ணும் தெரியாத சாலையில், ஆம்புலன்ஸுக்கு வழி பண்ணித் தர்றவர் அவர். வேகம் இல்லாவிட்டால் பனி ஓரத்துக்குப் போகாது என்பதும் தெரியும். அவர் வேலையை அவர் செய்யட்டும். உடைவதற்கு ஊர் மொத்தமும் சேர்ந்து காசு கொடுப்போம் என்கிறேன். சாலை எல்லாருக்கும் சுத்தமாகுது, பெட்டி மட்டும் ஒருத்தனுக்கு உடையுதே.

வரிப்பணம் வீணாகும், உளுத்த கட்டைக்கெல்லாம் காசு கேட்பாங்க என்பாங்க. அதுக்கும் வழி இருக்கு:

1. அக்டோபரில் ஊர் ஆள் ஒரு சுற்று வந்து பெட்டிகளைப் பார்க்கட்டும். விதிப்படி உறுதியாக இருந்தால் ஒரு அடையாளம் ஒட்டட்டும்.

2. அடையாளம் உள்ள பெட்டியைப் பிளேடு இடித்தாலும் பனி இடித்தாலும் ஊர் சாதாரணப் பெட்டியும் கட்டையும் தரணும். மண் இளகும் வரை தற்காலிகக் கட்டையும்.

3. உளுத்த கட்டைக்கு ஒண்ணும் கிடையாது. அலங்காரப் பெட்டி வேணும்னா மிச்சக் காசு அவங்கவங்க பாடு. கான்கிரீட் கோட்டைகளைப் பிடுங்கணும். மினசோட்டாவில் விதிக்கு ஒத்துவராத பெட்டிகளை அகற்றச் சட்டமே இருக்கு.

விஸ்கான்சின் கிராமங்களில் வருஷாந்திரக் கூட்டம் ஏப்ரல் மூணாவது செவ்வாய்க்கிழமை. பனி உருகி, போன குளிர்காலத்துப் பெட்டிகளெல்லாம் பள்ளத்தில் பல்லை இளிக்கிற நேரம். ஓட்டு உள்ளவங்க போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அந்தப் பனியை வீசினது யாரு?"